கேட்காமல் செய்யப்படும் கலர் கரெக்ஷன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செல்பேசியில் பளிச்சென்று தெரியும் படம் பிரிண்ட் போட்டதும் ஏன் மங்கிப்போகிறது, ஃபோட்டோ லேப்காரர்கள் மட்டமான காகிதத்தைப் போட்டு ஏமாற்றுகிறார்களா என்று கேட்டு வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தைத் தங்கள் நாளிதழில் படித்தேன். இராயப்பேட்டை அச்சகம் ஒன்றில் வண்ணப் பிரிப்பு வேலையில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்தக் கேள்விக்கு என் பதிலைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். காகிதத்தின் மீது பழி போடுவது எளிது. ஆனால் இந்நகரில் என் கண்ணில் படும் ஆல்பங்களில் பாதிக்கு மேற்பட்ட கோளாறுகள் காகிதத்தாலோ மையாலோ வந்தவை அல்ல. படத்தோடு கூடவே வர வேண்டிய வண்ணக் குறிப்பு வழியிலேயே தொலைந்துபோகிறது. அந்த இழப்பைச் சரிக்கட்டுவதாக நினைத்துக்கொண்டு, லேபில் இருப்பவர் வாடிக்கையாளரை ஒரு வார்த்தை கேட்காமல் “கலர் கரெக்ஷன்” செய்துவிடுகிறார். இவ்விரண்டையும் நிறுத்தினாலே பெரும்பாலான புகார்கள் அடங்கிவிடும் என்பது என் கருத்து.

டிஜிட்டல் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. சாதாரண ஜேபெக் கோப்பில் ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கும். இந்த எண்கள் தம்மளவில் எந்த நிறத்தையும் குறிப்பதில்லை என்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. பட்டணம் படிக்கும் ஊர்ப்படிக்கும் அளவு வேறாக இருந்த நாளில், “இரண்டு படி அரிசி” என்று மட்டும் எழுதியனுப்பினால் எவ்வளவு அரிசி என்று கடைக்காரருக்கு எப்படித் தெரியாதோ, அப்படியே “பச்சை 200” என்று மட்டும் சொன்னால் எந்தப் பச்சை என்று இயந்திரத்துக்குத் தெரியாது. எந்தப் படியால் அளந்தது என்பதைச் சொல்லும் குறிப்புக்குத்தான் புரொஃபைல் என்று பெயர். 1993-இல் அடோபி, அக்ஃபா, ஆப்பிள், கோடாக், மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் கூடி ஐசிசி என்னும் பன்னாட்டு வண்ணக் கூட்டமைப்பைத் தொடங்கி, அக்குறிப்பை எல்லாக் கணினிகளும் படிக்கும்படி ஒரே வடிவத்தில் எழுதும் முறையை வகுத்தன. கேமராவின் எண்களை முதலில் மனிதக் கண் காணும் நிறத்தின் அளவுக்கு மாற்றி, அங்கிருந்து அச்சு இயந்திரத்தின் எண்களுக்கு மாற்றுவதே வண்ண மேலாண்மை. கண்ணை அடிப்படையாகக் கொண்ட அந்த நடு அளவு, சிஐஇ என்னும் பன்னாட்டு ஒளியியல் ஆணையம் 1931-இல் வகுத்த அளவையின் வழிவந்தது. புதிதாக யாரும் கண்டுபிடித்ததல்ல.

எவ்வளவு அடர்ந்த நிறங்கள் வரை குறிக்க முடியும் என்பதை வகுப்பது வண்ண எல்லை. இன்று நம் கைகளில் புழங்கும் படங்கள் பெரும்பாலும் மூன்று வண்ண எல்லைகளில் ஏதேனும் ஒன்றைச் சேர்ந்தவை. எச்பி, மைக்ரோசாஃப்ட் ஆகிய இரு நிறுவனங்களும் 1996-இல் சேர்ந்து முன்வைத்து, 1999-இல் பன்னாட்டுத் தரநிலையாக ஏற்கப்பட்ட எஸ்ஆர்ஜிபி முதலாவது. சாதாரணத் திரைகளுக்கும் இணையத்துக்கும் உரியது அதுவே. அச்சில் வரக்கூடிய பச்சை, சயான் (பச்சை கலந்த நீலம்) நிறங்களையும் உள்ளடக்க வேண்டும் என்பதற்காக 1998-இல் அடோபி வெளியிட்ட அடோபி ஆர்ஜிபி என்னும் அகன்ற எல்லை இரண்டாவது. 2016-இல் வந்த ஐபோன் 7 முதல் ஐபோன்களில் எடுக்கும் படங்கள் டிஸ்ப்ளே பி3 என்னும் மூன்றாவது எல்லையில் சேமிக்கப்படுகின்றன. லேப்களில் ஓடும் இயந்திரங்களோ, தமக்கு வரும் கோப்பு எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்ளும்படி பெரும்பாலும் அமைக்கப்பட்டிருக்கின்றன. கேமராவில் அடோபி ஆர்ஜிபி என்று வைத்து எடுத்த கல்யாணப் படத்தை அப்படியே கொடுத்தால், இயந்திரம் அந்தக் குறிப்பைப் படிக்காமல் எண்களை மட்டும் எஸ்ஆர்ஜிபி எண்களாக நினைத்து அச்சடித்துவிடும். அரக்குப் புடவை வெளிறும், வாழை மரத்தின் பச்சை சாம்பல் பூத்ததுபோலாகும், முகத்தில் ரத்த ஓட்டமே இல்லாததுபோலத் தோன்றும். வாசகர் குறிப்பிட்ட மங்கல் இதுவாக இருக்க நிறைய வாய்ப்புண்டு.

இதற்கான மருந்து மிக எளிது: கொடுப்பதற்கு முன் படத்தை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிட வேண்டும். ஆனால் ஃபோட்டோஷாப்பில் அருகருகே இருக்கும் இரண்டு கட்டளைகளில் தவறானதை அழுத்திவிடுவோர் அநேகர். “கன்வெர்ட்” என்பது நிறத்தைக் காப்பாற்றி எண்களை மாற்றும். “அசைன்” என்பது எண்களைத் தொடாமல் பெயர்ச்சீட்டை மட்டும் மாற்றி ஒட்டும். நமக்கு வேண்டியது முதலாவது. ஆல்பம் வடிவமைக்கும் இளைஞர்கள் சிலர், “பிரிண்ட் என்றாலே சிஎம்ஒய்கே” என்று யாரோ சொன்னதை நம்பி, புத்தகம்போல் விரியும் கரிஷ்மா ஆல்பத்துக்கான 12-க்கு 36 அங்குலத் தாள்களை எல்லாம் சிஎம்ஒய்கே-வுக்கு, அதாவது சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளின் எண்களுக்கு, மாற்றிக் கொடுக்கிறார்கள். மை கொண்டு அடிக்கும் ஆஃப்செட்டுக்குத்தான் அது பொருந்தும். லேபில் சிவப்பு, பச்சை, நீல லேசர் ஒளியை வெள்ளி உப்பு பூசிய காகிதத்தின் மீது பாய்ச்சி, பிறகு ரசாயனத்தில் கழுவி எடுக்கும் முறையே பெரும்பாலும் வழக்கில் இருக்கிறது. அங்கே மையே கிடையாது. தேவையின்றி ஒரு முறை சிஎம்ஒய்கே-வுக்குப் போய்த் திரும்பும் படம், இழந்த நிறங்களோடுதான் திரும்பும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது அளவில் சுருங்கி, அழுத்தப்பட்டுத்தான் போய்ச் சேரும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். டாக்குமென்டாக அனுப்பினால் மூலக் கோப்பே போகும்.

இனி, நான் எழுத வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். லேபில் இயந்திரத்தை இயக்குபவரின் திரையில் நம் படங்கள் சிறு சிறு கட்டங்களாக வரிசையில் வந்து நிற்கும். விசைப்பலகையில் சயான், மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள், டென்சிட்டி (படத்தின் கருமை) என்று நான்கு விசைகள். இயந்திரம் தானாக ஒரு திருத்தத்தைச் செய்து காட்டும். அதன் மேல் அவர் தம் கைப்பழக்கத்தில் மெஜந்தாவை ஒன்று கூட்டி, டென்சிட்டியை இரண்டு குறைத்து, அடுத்த வரிசைக்குப் போய்விடுவார். ஒரு படத்துக்கு இரண்டு விநாடி கூட ஆகாது. அவர் பார்க்கும் திரை எப்போது அளவுகோல் வைத்துச் சரிபார்க்கப்பட்டது என்று கேட்டால், பல இடங்களில் சிரிப்புதான் பதிலாக வரும்.

தானியங்கித் திருத்தம் என்பது ஃபிலிம் காலத்திலிருந்து வருவது. எந்தக் காட்சியிலும் எல்லா நிறங்களையும் கலந்து சராசரி எடுத்தால் அது ஏறத்தாழ நடுத்தரச் சாம்பலாகத்தான் இருக்கும் என்னும் ஊகத்தை 1940-களில் கோடாக் நிறுவனத்தின் ரால்ஃப் எவன்ஸ் முன்வைத்தார். கடற்கரை, தெரு, பூங்கா போன்ற காட்சிகளில் அந்த ஊகம் ஓரளவு பலிக்கும். நம் கல்யாண மேடையில் பலிக்காது. பின்னால் சிவப்புத் துணியும் சாமந்தி மாலைகளும், முன்னால் அரக்குப் பட்டு, நடுவே ஹோமத் தீ என்றிருக்கும் படத்தின் சராசரி சாம்பலாக எப்படி வரும்? இயந்திரமோ, “படத்தில் சிவப்பு மிகுந்துவிட்டது” என்று முடிவு கட்டி, அதற்கு எதிரான சயானை ஏற்றிவிடும். விளைவு, அரக்குப் புடவையில் பழுப்பு தட்டும், மணப்பெண்ணின் முகத்தில் பச்சை ஓடும். அடுத்த படம் மண்டப வாசலில் எடுத்தது என்றால், அதற்கு வேறு திருத்தம். திருவல்லிக்கேணியில் தெரிந்தவர் வீட்டுக் கல்யாண ஆல்பத்தில், எதிரெதிர்ப் பக்கங்களில் அதே பெண், அதே புடவை, அதே முகூர்த்தம். ஒன்றில் புடவை செங்கல் நிறம், மற்றொன்றில் பீட்ரூட் நிறம். கேமராவில் ஒரே மாதிரி பதிவானவற்றை லேபில் தனித்தனியாகத் “திருத்தியதால்” வந்த வினை அது என்பது மூலக் கோப்புகளைத் திறந்து பார்த்ததும் தெளிவாகத் தெரிந்தது.

தோல் நிறத்தின் கதை இதைவிட வருத்தத்துக்குரியது. ஃபிலிம் காலத்தில் லேப்கள் தங்கள் இயந்திரத்தைச் சரிபார்ப்பதற்காகக் கோடாக் அனுப்பிய மாதிரிப் படங்களில் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண். “ஷெர்லி கார்டு” என்றே அவற்றுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் பெண்ணின் முகம் சரியாக வந்தால் இயந்திரம் சரி என்று பொருள். வெவ்வேறு நிறத்தவரைக் கொண்ட மாதிரிகள் 1990-களில்தான் வந்தன. இப்போது அட்டை போய்விட்டது; மனப்பான்மை போகவில்லை. முகத்தைக் கண்டுபிடித்து வெளிச்சமாக்கும் மென்பொருளும், டென்சிட்டியைக் குறைக்கும் கைப்பழக்கமும் சேர்ந்து, நல்ல கறுப்பு நிறமுள்ள மாப்பிள்ளையை மாநிறமாகவும், மாநிறமுள்ள பெண்ணைச் சுண்ணாம்பு பூசியதுபோலவும் ஆக்கித் தருகின்றன. அந்த வெளிச்சம் முகத்தோடு நிற்பதுமில்லை. பட்டு வேட்டியின் மடிப்புகள் அழிந்து வெறும் வெள்ளைத் திட்டாகிவிடுகின்றன, சரிகைக் கரையின் நுணுக்கம் மறைந்துவிடுகிறது. வாடிக்கையாளர்கள் வெளுப்பாகத்தான் கேட்கிறார்கள் என்று லேப்காரர்கள் சொல்வார்கள். கேட்பவர்கள் இருக்கக்கூடும், அவர்களுக்கு அப்படியே செய்து கொடுக்கட்டும். கேட்காதவரின் முகத்தை மாற்றும் உரிமை யாருக்கும் கிடையாது.

எல்லாம் சரியாகச் செய்தாலும் சில நிறங்கள் காகிதத்தில் வராது என்பதையும் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நேர்மையான லேப்காரர்தான் திட்டு வாங்குவார். எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் வழங்கும் எம்.எஸ். நீலப் பட்டை எடுத்துக்கொள்வோம். நான்கு வண்ண அச்சில் நீலத்துக்கென்று தனி மை இல்லை. சயான் மையின் மீது மெஜந்தா மை விழுந்துதான் நீலம் பிறக்கிறது. மெஜந்தா சற்றே மிகுந்தால் நீலம் கத்தரிப்பூ நிறத்துக்கு ஓடிவிடும்; குறைந்தால் ஆழம் போய்விடும். திரையில் தனி நீல ஒளியாகவே வரும் நிறத்தின் அடர்த்தியை அந்த மைகளால் எட்டவே முடியாது. இதற்கு நேர்மாறாக, ஆஃப்செட் சயானின் அடர்த்தியை எஸ்ஆர்ஜிபி திரையால் காட்ட முடியாது என்பதும் உண்மை. எட்டாத நிறங்களை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் வழிகளும் புரொஃபைலுக்குள்ளேயே இருக்கின்றன. “பர்செப்சுவல்” என்ற வழி, படத்தின் எல்லா நிறங்களையும் ஒன்றுக்கொன்று உறவு கெடாமல் சற்றுச் சுருக்கிக்கொள்ளும். “ரிலேட்டிவ் கலரிமெட்ரிக்” என்ற வழி, எட்டும் நிறங்களை அப்படியே வைத்துக்கொண்டு, எட்டாதவற்றை மட்டும் எல்லையில் கொண்டுபோய் நிறுத்தும். அடர்ந்த பட்டுப் புடவையின் மடிப்புகள் தெரிய வேண்டுமென்றால் முதல் வழியையும், முகம் மட்டுமே முக்கியமான படங்களுக்கு இரண்டாவது வழியையும் நான் தேர்ந்தெடுப்பேன். பாவும் ஊடும் வெவ்வேறு நிறமாக நெய்த மயில் கழுத்துப் புடவைக்கு இரண்டுமே உதவாது. பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப மாறும் நிறத்தை எந்தக் காகிதமும் பிடித்துவைக்காது.

திரையின் வெளிச்சத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். எஸ்ஆர்ஜிபி தரநிலை, சதுர மீட்டருக்கு 80 கேண்டெலா வெளிச்சம் தரும் திரையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. படங்களைத் திருத்தும் தொழில்முறைக் கணினிகளில் 80 முதல் 120 வரை வைப்பது வழக்கம். நம் செல்பேசிகளோ சென்னை வெயிலில் படிக்கும்படி அதைப் போலப் பல மடங்கு வெளிச்சத்தை உமிழ்கின்றன; “விவிட்” என்ற அமைப்பு வேறு எல்லா நிறங்களையும் கூட்டிக் காட்டும். அந்தத் திரையில் பார்த்துவிட்டு, தானாக ஒளிராத காகிதத்தைக் கையில் வாங்கினால் எந்தப் படமும் இருட்டாகத்தான் தெரியும். அச்சுப் படத்தைப் பார்ப்பதற்கென்றே உள்ள பன்னாட்டுத் தரநிலை, பகல் வெளிச்சத்தை ஒத்த டி50 என்னும் ஒளியையும், நுணுக்கமாக ஒப்பிடுவதற்கு 2000 லக்ஸ், சாதாரணமாகப் பார்ப்பதற்கு 500 லக்ஸ் என்னும் வெளிச்ச அளவுகளையும் வரையறுத்திருக்கிறது. நம் வீட்டுக் கூடத்தில் எரியும் எல்இடி குழல்விளக்கு அந்த ஒளி அல்ல. காகிதத்தை வெள்ளை வெளேரென்று காட்டுவதற்காகச் சேர்க்கப்படும் வெண்மையூட்டிகள் புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக வெளிவிடுபவை. எல்இடியில் புற ஊதாக் கதிர் பெரும்பாலும் இல்லாததால், பகலில் பளிச்சிடும் அதே காகிதம் இரவில் லேசாக மஞ்சளடித்துத் தெரியும். ஆகவே லேப்காரரிடம் சண்டைக்குப் போகுமுன், நேர்வெயில் படாத வாசல் திண்ணையிலோ சன்னலோரத்திலோ வைத்துப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

வீட்டிலேயே இங்க்ஜெட்டில் போடுபவர்களுக்கு இரண்டே செய்திகள். வண்ணத்தை ஃபோட்டோஷாப் கவனித்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டால், பிரிண்டரின் டிரைவர் மென்பொருளில் உள்ள வண்ணத் திருத்தத்தை அணைத்துவிட வேண்டும்; இரண்டும் வேலை செய்தால் ஒரே மாற்றம் இருமுறை நடந்து, முகங்கள் சிவந்துபோகும். அடுத்து, பிரிண்டரோடு வரும் புரொஃபைல் அந்த நிறுவனத்தின் மைக்கும் காகிதத்துக்கும் மட்டுமே பொருந்தும். ரிச்சி தெருவில் வாங்கிய மாற்று மையை ஊற்றி, வேறொரு கம்பெனியின் காகிதத்தைப் போட்ட பிறகு அந்தப் புரொஃபைலால் பயனில்லை.

தங்கள் நாளிதழுக்குப் படம் அனுப்பும் வாசகர்களும், பத்திரிகையில் வந்த படம் தம்மிடமுள்ளதுபோல இல்லையே என்று குறைப்படுவதுண்டு. செய்தித்தாள் காகிதம் வெள்ளையே அல்ல. மையை உறிஞ்சவும் செய்யும். நான்கு மைகளும் முழுதாக விழுந்தால் கணக்கு 400 சதவீதம். செய்தித்தாளில் அதைச் சுமார் 240 சதவீதத்துக்குள் அடக்கியாக வேண்டும். அந்த நெருக்கடிக்குள் தங்கள் அச்சகத்தார் முகங்களை முகங்களாகக் கொண்டுவருவதை, அதே தொழிலில் இருந்தவன் என்பதால் மதிக்கிறேன்.

கிண்டி பொறியியல் கல்லூரியில் அச்சுத் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு துறை இயங்கும் நகரம் இது. வண்ணத்தை அளக்கும் கருவிகளும், அவற்றைக் கையாளத் தெரிந்தவர்களும் இங்கே இருக்கிறார்கள். எனவே லேப் உரிமையாளர்களிடம் நான் கேட்பவை எட்டாத காரியங்கள் அல்ல. எந்த வண்ண எல்லையில் கோப்பைத் தர வேண்டும் என்பதைக் கல்லாவின் அருகே தமிழில் எழுதி வையுங்கள். தங்கள் இயந்திரத்துக்கும் காகிதத்துக்கும் உரிய புரொஃபைலைக் கேட்பவர்களுக்குக் கொடுங்கள். அதைக் கணினியில் ஏற்றினால் அச்சில் எப்படி வரும் என்பதை வாடிக்கையாளர் முன்கூட்டியே திரையில் பார்த்துக்கொள்ள முடியும், புகாரும் குறையும். காலையில் கடை திறந்ததும் இயந்திரத்தின் சோதனைப் பட்டையை அடித்து அளந்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். காகிதச் சுருளை மாற்றினாலும், ரசாயனத்தை மாற்றினாலும் மறுபடி அளந்து பாருங்கள். மின்வெட்டு நாளில் ரசாயனத்தின் சூடு இறங்கியிருக்கும் என்பது தங்களுக்கே தெரியும்.

ஆல்பத்துக்குக் கொடுக்கும் வாசகர்களுக்கு ஒரே யோசனைதான். முழு ஆல்பத்தையும் ஒப்படைக்கும் முன், அதிலுள்ள படங்களில் கடினமானவையாகப் பார்த்து, அதாவது அடர்நீலப் புடவை, வெள்ளை வேட்டி, கறுத்த முகம் மூன்றும் உள்ளவையாகப் பார்த்து, இரண்டு மூன்றை மேக்ஸி என்னும் சிறிய சைஸில் “கரெக்ஷன் வேண்டாம்” என்று சொல்லிப் போட்டுப் பாருங்கள். அவை சரியாக வந்தால் மீதியும் பெரும்பாலும் சரியாக வரும். வராவிட்டால் வேறு லேபுக்குப் போக அதிகச் செலவாகியிருக்காது. லேப்காரர்களும் படங்களைப் போட்டுக் கொடுக்கும் கவரின் மேல், “கரெக்ஷன் வேண்டும்”, “கரெக்ஷன் வேண்டாம்” என்று இரண்டு கட்டங்களை அச்சடித்து, ஆர்டர் எடுக்கும்போதே வாடிக்கையாளர் கையால் டிக் செய்ய வைத்தால், இயந்திரத்தின் முன் இருப்பவர் யாருடைய விருப்பப்படி அந்த நான்கு விசைகளைத் தொடுகிறார் என்பதில் குழப்பம் இருக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வண்ணப் பிரிப்புப் பணியாளர்,
இராயப்பேட்டை, சென்னை.